கம்பெனிக் கடனுக்கு நீங்கள் போட்ட ஜாமீன் கையெழுத்து

"சும்மா ஃபார்மாலிட்டிதான் மச்சான், பேங்குல கேட்கிறாங்க" என்று சொல்லித்தான் பெரும்பாலும் இந்தக் கையெழுத்தை வாங்குவார்கள். கடன் வாங்குவது பிரைவேட் லிமிடெட் கம்பெனி, அது மூழ்கினால் நமக்கென்ன என்று நினைத்து, டைரக்டர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும் படித்துப் பார்க்காமலேயே பக்கம் பக்கமாகப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். லிமிடெட் என்ற சொல் பங்குதாரரைத்தான் காப்பாற்றும், ஜாமீன்தாரரை அல்ல.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-ஆவது பிரிவு: பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. "முதலில் கம்பெனியின் மெஷினை விற்றுப் பாருங்கள், பாக்கி இருந்தால் என்னிடம் வாருங்கள்" என்று பேங்கிடம் சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரி, எப்படி வசூலிப்பார்கள்? நீங்கள் சொந்த வீட்டையும் அடமானமாக எழுதிக் கொடுத்திருந்தால் சர்பாசி சட்டம், அதாவது அடமானச் சொத்தை பேங்கே நேரடியாக எடுத்து விற்க வழி செய்யும் சட்டம். 60 நாள் நோட்டீஸ் வரும், அதற்குப் பிறகு கோர்ட்டுக்குப் போகாமலேயே வீட்டைக் கையகப்படுத்தும் வேலையை பேங்க் தொடங்கலாம். அதை எதிர்த்து கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கு, அதாவது டிஆர்டிக்குப் போக 45 நாள்தான் அவகாசம். வெறும் கையெழுத்து மட்டும் போட்டவர் என்றால் சர்பாசியில் எடுக்க ஒன்றுமில்லை, பேங்க்தான் வழக்குப் போட வேண்டும்: பாக்கி 20 லட்சமோ அதற்கு மேலோ என்றால் டிஆர்டியில் (நம் பக்கம் சென்னை, கோவை, மதுரையில் இருக்கின்றன), குறைவாக இருந்தால் சிவில் கோர்ட்டில். டிஆர்டி சம்மன் வந்தால் 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். சம்மனை பீரோவில் வைத்துவிட்டு மச்சான் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டு, உத்தரவு வந்தபின் வக்கீலைத் தேடுகிறார்கள், அப்போது மேல்முறையீட்டுக்கே தொகையில் பாதியைக் கட்டச் சொல்கிறது சட்டம் (காரணம் சொன்னால் 25 சதவீதம் வரை குறைக்கலாம்). விவசாய நிலத்தைத் தொட மாட்டார்கள் என்ற தைரியமும் வேண்டாம். அந்த விலக்கு சர்பாசிக்குத்தான், டிஆர்டி உத்தரவின் பேரில் நடக்கும் ஜப்திக்கு அது பொருந்தாது.

மூன்றாவது வழி திவால் சட்டம். 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர் மீதும் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். கேட்பு நோட்டீஸ் கொடுத்து 14 நாளில் பணம் வராவிட்டால் போதும். திவால் நடவடிக்கையில் கம்பெனியை வேறொருவர் சொற்ப விலைக்கு எடுத்துக்கொண்டு போனாலும், வராத மிச்சத்தை ஜாமீன்தாரரிடம் கேட்கலாம் என்று 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கம்பெனியை நடத்தியவருக்கே இது கசக்கும், உறவுக்காகக் கையெழுத்துப் போட்டவருக்குக் கேட்கவே வேண்டாம்.

டைரக்டர் பதவியை ராஜினாமா செய்தால் ஜாமீனும் போய்விடும் என்பது தப்பு. தொடர் ஜாமீனாக (பின்னால் வாங்கும் கடன்களுக்கும் சேர்த்து நிற்கும் ஜாமீன்) இருந்தால், இனிமேல் கொடுக்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று பேங்குக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும். அதுவும் பத்திரம் அனுமதித்தால்தான், பழைய பாக்கி அப்படியே நிற்கும். உங்களைக் கேட்காமல் கடன் நிபந்தனையை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளுக்கு விடுதலை என்று ஒப்பந்தச் சட்டத்தின் 133-ஆவது பிரிவு சொல்கிறது, நல்ல பிரிவுதான், ஆனால் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக பேங்கின் பத்திரத்தில் பெரும்பாலும் முன்பே அச்சடித்திருப்பார்கள். அதனால் நோட்டீஸ் வந்ததும் வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் பத்திரத்தின் நகலைத்தான்.

அப்புறம், பணத்தைக் கட்டித்தான் ஆக வேண்டியிருந்தால் ஒவ்வொரு ரசீதையும் பத்திரமாக வையுங்கள். கட்டிய அளவுக்குக் கம்பெனியிடம் கேட்கலாம், ஆனால் அங்கே பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கூட நின்ற ஜாமீன்தாரர்களிடம் கேட்பதில்தான் பயன் உண்டு: மூன்று பேர் சமமாக ஜாமீன் நின்று, 30 லட்சத்தையும் நீங்களே கட்டியிருந்தால் மற்ற இருவரிடமும் தலைக்கு 10 லட்சம் கேட்டு வழக்குப் போடலாம்.