ரேண்டமைசேஷன்: ‘சீரற்ற’ அல்ல, குலுக்கல்

அம்பத்தூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் தமிழில் ஒட்டியிருக்கும் ஒர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன்களில் இந்த வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: ‘சீரற்ற முறையில் ஐந்து மாதிரிகள் எடுக்கவும்.’ ஆங்கில ‘ரேண்டம்’ என்பதற்கு வைத்த சொல் இது. ரேண்டமைசேஷன், அதாவது ஆளின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கித் தேர்வது, தரப் பயிற்சிப் பாடங்களிலும் ‘சீரற்றதாக்கல்’ என்று வந்துவிட்டது. தவறான சொல். படிப்பவரைத் தவறாக வேலை செய்ய வைக்கிற சொல்.

ரேண்டம் பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. கட்டுக்கடங்காத பாய்ச்சல் என்பது அங்கே பொருள். ஆங்கிலத்தில் அது ‘இலக்கில்லாமல்’ என்று ஆனது. புள்ளியியலுக்குள் வந்தபோது பொருள் தலைகீழானது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1920களில் வேலை செய்த புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடக் கூடாது என்றார். அதை முடிவு செய்ய வேண்டியது சீட்டு அல்லது குலுக்கி எடுத்த எண்களின் அட்டவணை. 1935இல் வந்த அவருடைய நூலின் தேநீர்ச் சோதனையும் இதைத்தான் காட்டுகிறது. எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். எதில் எதை முதலில் ஊற்றினார்கள் என்பதைச் சுவைத்தே சொல்ல வேண்டும். நான்கைத் தேர்ந்தெடுக்க 70 வழிகள் உண்டு. சுவைத்துச் சொல்பவர் வெறும் ஊகத்தில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்ல 70இல் 1 வாய்ப்பு. கோப்பைகளின் வரிசையைக் குலுக்கி எடுத்திருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

சரி, ‘சீரற்ற’வுக்கு வருவோம். சீர் இல்லாதது, ஒழுங்கு கெட்டது. சீரற்ற சாலை, சீரற்ற இதயத் துடிப்பு என்கிறோம், இரண்டும் குறைகள். லேத் ஓட்டுபவர் இந்தச் சொல்லைப் படித்தால் என்ன செய்வார்? ஒழுங்கு பார்க்காமல், கைக்கு வந்ததை எடுப்பார். கைக்கு வருவது தொட்டியின் மேலே கிடப்பது. அது கடைசியாகக் கடைந்த பாகம், டூல் அதிகம் தேய்ந்த நேரத்தில் வந்தது. ஐந்தும் ஒரே கதையைச் சொல்லும். அடியில் இருப்பவை பேசவே பேசா. அவர் சொன்னபடிதான் செய்தார். சொல்தான் தவறு.

சோதனை வடிவமைப்பில் சேதம் இன்னும் பெரிது. பெயின்டை இரண்டு வெப்பநிலைகளில் உலர்த்திப் பார்க்கிறார்கள். காலையில் எல்லாம் 140 டிகிரி, பிற்பகலில் எல்லாம் 160 டிகிரி. இதற்கிடையில் சென்னையில் வெயில் ஏறி, கடல் காற்று வந்து, ஈரப்பதம் மாறியிருக்கும். பளபளப்பு கூடியது சூட்டாலா, காற்றாலா? பிரித்துச் சொல்ல வழியில்லை. சோதனை ஓட்டங்களின் வரிசையைக் குலுக்கியிருந்தால், நமக்குத் தெரியாத காரணங்கள் ஒரே பக்கமாகச் சாய வாய்ப்பு குறைந்திருக்கும். ‘சீரற்ற வரிசை’ என்றால் மனதுக்குத் தோன்றியபடி மாற்றிப் போட்டாலே போதும் என்று ஆகிவிடுகிறது. போதாது. மனிதன் மனதால் கலைக்கும்போது ஒரே எண் அடுத்தடுத்து வருவதைத் தவிர்ப்பான். அதுவே ஒரு ஒழுங்கு.

‘தற்செயல்’ என்பாரும் உண்டு. தற்செயல் தானாக நடப்பது. ரேண்டமைசேஷன் நாம் திட்டமிட்டுச் செய்வது. பள்ளிப் பாடநூலின் ‘சமவாய்ப்பு’ மரியாதைக்குரிய சொல், ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. மருந்துச் சோதனையில் இரண்டு பேருக்குப் புதிய மருந்து, ஒருவருக்குப் பழையது என்ற விகிதத்தில் ஒதுக்கினாலும் அது ரேண்டமைசேஷன்தான், வாய்ப்பு சமமில்லை. இலங்கையில் ‘எழுமாற்று’ என்கிறார்கள். அழகான சொல். சென்னைப் பட்டறையில் விளக்கவுரை இல்லாமல் புரியாது.

குலுக்கல் எல்லாருக்கும் தெரியும். பெயர் எழுதி, மடித்து, கலந்து, எடுப்பவர் பார்க்காமல் எடுப்பது. வீட்டு மனை ஒதுக்கீட்டுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் ‘குலுக்கல் முறையில் தேர்வு’ என்று செய்தித்தாளில் படிக்கிறோம். யாருடைய கையும் உள்ளே இல்லை என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க இதை விரிவாகவே விதித்திருக்கிறது: பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டுக் கட்டாகக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது அறியாத சிறுவனை ஒரு கட்டு எடுக்கச் சொல்லி, அந்தக் கட்டின் ஓலைகளையும் வேறு குடத்தில் குலுக்கி, அதிலிருந்து வரும் ஓலையை நடுவர் ஐந்து விரலும் விரித்து வாங்க வேண்டும். விரலைக்கூட நம்பாத அந்தக் கவனம்தான் ரேண்டமைசேஷன். ஆயிரம் ஆண்டுக்கு முன்பே செய்முறை எழுதி வைத்த மொழிக்கு அகராதியிலிருந்து ‘சீரற்ற’வைப் பொறுக்கித் தருகிறார்கள். வேலை என்ன என்று கேட்காமல் சொல்லுக்குச் சொல் வைக்கும் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்கு உள்ள கோபம் இதுதான்.

சிலருக்குக் குலுக்கல் என்றால் தங்கக் காசுப் பரிசு ஞாபகம் வருகிறதாம், ‘தரமான’ சொல் இல்லையாம். பரிசுக்கும் குலுக்குவது அதே காரணத்துக்காகத்தான். ஆகவே குலுக்கல் மாதிரி, குலுக்கல் வரிசை, குலுக்கல் ஒதுக்கீடு. நிகழ்தகவுப் பாடத்தில் வரும் ‘சமவாய்ப்பு மாறி’க்கு மட்டும் இது ஒட்டாது. அங்கே நாம் எதையும் குலுக்குவதில்லை, பாடநூல் சொல்லே இருக்கட்டும்.

மருத்துவமனை ஒப்புதல் படிவங்களில்தான் இதை முதலில் மாற்ற வேண்டும். ‘நீங்கள் சீரற்ற முறையில் ஒரு குழுவில் சேர்க்கப்படுவீர்கள்’ என்று படிக்கும் நோயாளி பயப்படாமல் என்ன செய்வார்? ‘எந்த மருந்து உங்களுக்கு என்பது குலுக்கலில் முடிவாகும், மருத்துவர் தேர்ந்தெடுப்பதில்லை’ என்று எழுதினால் கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று அவரே யோசித்துக்கொள்வார்.