வலயத்து வேலையை விட்டால் கைக்கு வரவேண்டிய காசு

1978இல் இலங்கையின் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயத்தை அமைத்தபோது, வெளிநாட்டு முதலீட்டாளருக்கு வரிவிடுமுறை, தீர்வையில்லா இறக்குமதி என்று அரசு அள்ளிக் கொடுத்தது. பிறகு வந்த பியகம, கொக்கல வலயங்களிலும் அதே கதைதான். இதைப் பார்த்து, வேலிக்குள் தொழிற்சட்டமும் செல்லாது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விலக்குக் கிடைத்தது வரிக்கு. சேமலாப நிதி, பணிக்கொடை (வேலையை விடும்போது கொம்பனி தரவேண்டிய தொகை), வேலைநீக்கச் சட்டம் எல்லாம் வெளியே எப்படியோ, உள்ளேயும் அப்படித்தான்.

முதலில் சம்பளச் சிட்டையைப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபா என்று வைப்போம். ஈ.பி.எஃப். என்ற ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், அதாவது 2,400 ரூபா பிடிப்பார்கள். கொம்பனி 12 வீதம், 3,600 ரூபா போட வேண்டும். ஈ.டி.எஃப். என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 900 ரூபா. இது முழுக்கக் கொம்பனியின் பணம், உங்கள் சம்பளத்தில் கழித்தால் தவறு. ஓ.டி. காசு, அதாவது மேலதிக நேர வேலைக்கான சம்பளம், இந்தக் கணக்கில் சேராது. ஓடர் குவியும் மாதத்தில் இரவு வரை தைத்து 50,000 எடுத்தாலும், நிதியில் ஏறுவது பழைய தொகைதான். அடிப்படையைக் குறைத்து, மிச்சத்தை ஓ.டி.யாகவும் ஊக்கக் கொடுப்பனவாகவும் தருவதில் யாருக்கு இலாபம் என்பது இப்போது விளங்கும்.

கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்கள், 50 வயது வரை காத்திருக்காமல் ஈ.பி.எஃப். பணத்தை எடுக்கலாம். ஈ.டி.எஃப்.பை வேலையை விட்டதும் எடுக்கலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்ததற்கு ஐந்து வருடம் பொறுக்க வேண்டும்.

பணிக்கொடைக்கு ஒரே இடத்தில் ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பளத்தின்படி. நீங்களாகவே விலகினாலும் உண்டு. நாலே முக்கால் வருடத்தில் கோபித்துக்கொண்டு வெளியேறுபவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. மூன்று மாதம் பல்லைக் கடித்திருக்கலாம்.

அப்புறம் இந்தக் கடிதம். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ வாங்குபவர் ஓடரைக் குறைத்ததும், இங்கே "விருப்பத்துடன் விலகுகிறேன்" என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். 1971ஆம் ஆண்டு வேலைநீக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் வேலையை நிறுத்த உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை. ஆணையாளரிடம் போனால் நட்டஈட்டைச் சூத்திரப்படி அவர் தீர்மானிப்பார். அதைத் தவிர்க்கத்தான் உங்கள் கையெழுத்தைக் கேட்கிறார்கள். தொகை எழுத்தில் இல்லாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். "இன்றைக்கே வேண்டும்" என்றால், வீட்டில் காட்டிவிட்டு வருகிறேன் என்று பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நிறுத்திவிட்டார்கள் என்றால், ஆறு மாதத்துக்குள் தொழில் திணைக்களத்தில் முறையிட வேண்டும். நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், ஈ.பி.எஃப். அங்கத்துவ இலக்கம் இருந்தால் வேலை சுலபம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.