சத்தம் மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு. இரண்டிலும் குழந்தை மருத்துவர்களின் வாசல் நிறைந்துவிடும். வந்திருக்கும் அம்மாக்களைக் கேட்டால், "பிள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு, ராத்திரி பூரா இளைப்பு" என்பார்கள். அந்த ஒரு வரிக்குள் சாதாரண மூக்கடைப்பும் இருக்கலாம். நிமோனியா, ஆஸ்துமா, குரல்வளை வீக்கம், மூச்சுக்குழலில் சிக்கிய கடலைப்பருப்பும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. பெரியவர்களை ஊதச் சொல்லலாம், சளியைத் துப்பச் சொல்லலாம். எட்டு மாதக் குழந்தையிடம் எதுவும் நடக்காது. அதனால் சின்னப் பிள்ளைகளுக்குப் பாதிச் சோதனை கண்ணாலும் காதாலும்தான். அதில் நிறையவற்றை வீட்டிலேயே செய்யலாம்.

முதலில் எண்ண வேண்டும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும் நேரத்தில் சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். கைக்குழந்தை மூச்சு விடுவது பெரும்பாலும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானம் என்ற தசையால் என்பதால், நெஞ்சைவிட வயிற்றில்தான் அசைவு தெளிவாகத் தெரியும். ஒருமுறை எழும்பி இறங்கினால் ஒரு மூச்சு. செல்போனில் நேரம் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகிவிடும். கைக்குழந்தை சில மூச்சை வேகமாக விட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி தொடங்கும். இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, அதற்குமேல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40 என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமூச்சு. கூடவே இருமலும் இருந்தால் நிமோனியாவா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

எண்ணும்போதே விலாவின் அடிப்பகுதியையும் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது அந்த இடம் உள்ளே குழிந்தால், குழந்தை மிகவும் சிரமப்பட்டுக் காற்றை இழுக்கிறது. மூக்குத் துவாரம் விரிவதும் அப்படியே. மூச்சை விடும்போதெல்லாம் முனகினால் அதையும் லேசாக எடுக்கக் கூடாது. மூடிக்கொள்ளப் பார்க்கும் நுரையீரல் காற்றறைகளைத் திறந்து வைக்க, குரல்வளையைப் பாதி மூடிக் குழந்தை காற்றைத் தேக்குகிறது. அதில் வரும் சத்தம்தான் முனகல். இவற்றில் எது இருந்தாலும், பால் குடிக்க முடியாவிட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும், எழுப்பியும் எழாமல் கிடந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் ஆக்சிஜன் உள்ள ஆஸ்பத்திரிக்கோ போய்விடுங்கள்.

அடுத்து, சத்தம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டோடு சேர்ந்து உள்ளே இருக்கும் குழல்களும் விரிகின்றன. கழுத்தில் இருக்கும் குரல்வளைக்கோ அதே நேரத்தில் சுவர்கள் உள்நோக்கி இழுபடும். ஏற்கெனவே வீங்கிய குரல்வளை இன்னும் ஒடுங்கும். இழுக்கும்போது கரகரப்பான சத்தம் கேட்கும். மூச்சை விடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, சிறு குழல்கள் நெருக்கப்படும். அங்கே வீக்கமோ சளியோ இருந்தால் விடும்போது விசில் சத்தம் வரும். ஆஸ்துமாவும், இரண்டு வயதுக்குள் வைரஸால் வரும் நுண்குழல் வீக்கமும் இந்த வகை. பெரும்பாலும் இதை வைத்தே அடைப்பு கழுத்திலா, நெஞ்சிலா என்று பிரித்துவிடலாம்.

பெரியவருக்குத் தும்மலோடு போகும் சளி குழந்தையை ஏன் இந்தப் பாடு படுத்துகிறது? குழலின் விட்டம் பாதியானால், சீராக ஓடும் காற்றுக்குத் தடை 16 மடங்காகும். 4 மில்லிமீட்டர் குழலில் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் மிஞ்சுவது 2. அதே வீக்கம் 8 மில்லிமீட்டர் குழலில் வந்தால் தடை சுமார் மூன்று மடங்குதான்.

ராத்திரி கேட்ட சத்தம் காலையில் மருத்துவர் முன்னால் பெரும்பாலும் இருக்காது. லைட்டைப் போட்டு, நெஞ்சும் வயிறும் தெரிகிற மாதிரி அரை நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொன்று கட்டாயம் சொல்ல வேண்டும். நிலக்கடலையும் அண்டிப்பருப்பும் (முந்திரிப்பருப்பு) இல்லாத வீடு இங்கே அபூர்வம். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் தின்னும்போது திடீரென்று புரையேறி, இருமி, பிறகு அடங்கிவிட்டால் 'போயிருச்சு' என்று விட்டுவிடுகிறோம். பருப்பு பெரும்பாலும் அகலமும் நேரான சாய்வும் கொண்ட வலது குழலுக்குள் போய் உட்காரும். சாதாரண எக்ஸ்ரேயில் பருப்பு தெரியாது. ஆனால் அது சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் தடுக்கும். மூச்சை விட்ட நிலையில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு பக்க நுரையீரல் மட்டும் சுருங்காமல் நின்றால் சந்தேகம் வலுக்கும். அந்தப் படமும் சரியாக இருந்தால்கூட, புரையேறிய கதை தெளிவாக இருக்கும்போது மயக்கம் கொடுத்துக் குழாய்க் கேமராவால் பார்ப்பார்கள். எடுப்பதும் அதன் வழியேதான். ஆகவே புரையேறியதை மறக்காமல் சொல்லுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணிக்கிறது. 1970-களில் ஜப்பானின் தக்குவோ அயோயாகி கண்டுபிடித்த முறை அது. நலமான பிள்ளைக்குப் பொதுவாக 95 சதவீதத்துக்கு மேல் இருக்கும். 90க்குக் கீழே போனால் ஆக்சிஜன் கொடுத்தாக வேண்டும். கை சில்லென்றிருந்தாலும் பிள்ளை அசைந்தாலும் எண் பொய் சொல்லும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி ஐந்தாறு வயதுக்கு மேல்தான் சரிவரும். அதுவரை ஆஸ்துமாவைத் தீர்மானிக்கத் தனியொரு சோதனை கிடையாது. திரும்பத் திரும்ப வருகிறதா, இன்ஹேலருக்குக் கேட்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று பார்த்தே முடிவெடுக்கிறார்கள். விறகடுப்பு, ரப்பர் ஷீட் காயவைக்கும் புகை, அண்டி வறுக்கும் புகை வீட்டுப் பக்கம் இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இருமல் இரண்டு வாரம் தாண்டி, எடையும் ஏறாமல் நின்றால் காசநோயையும் பார்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். அதனால் விடியற்காலை வெறும் வயிற்றில், மூக்கு வழியே மெல்லிய குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்து அதில் கிருமியின் மரபணுவைத் தேடுகிறார்கள். குழந்தைக்குக் காசநோய் பெரும்பாலும் கூட இருக்கும் பெரியவரிடமிருந்துதான் வரும். வீட்டில் நாள்பட்ட இருமலோடு தாத்தாவோ சித்தப்பாவோ இருந்தால் அவரையும் அன்றைக்கே அழைத்துக்கொண்டு போங்கள். அரசு மருத்துவமனையில் அந்தச் சோதனையும் மருந்தும் இலவசம்.