ஃபைல் சிஸ்டத்துக்கு முன்னால் டிஸ்க்கைப் பாருங்கள்

மெயின்ஃபிரேமில் (ஐபிஎம்மின் பெரிய கணினியில்) லினக்ஸ் நிறுவப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "ஈஎக்ஸ்டி4 போடலாமா, எக்ஸ்எஃப்எஸ் போடலாமா?" என்பதைத்தான். இரண்டும் ஃபைல் சிஸ்டங்கள், அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு அடியில் டிஸ்க் எப்படி ஃபார்மட் ஆகியிருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. அதைப் பின்னால் மாற்ற வேண்டுமென்றால் டிஸ்க்கை முழுவதும் அழித்துத்தான் ஆக வேண்டும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் டாஸ்டி (மெயின்ஃபிரேமுக்கே உரிய வகை) டிஸ்க்குகள் எல்லாவற்றையும் எல்டிஎல் என்ற, லினக்ஸுக்கு மட்டுமான வடிவில் ஃபார்மட் செய்து வைத்திருந்தார்கள். லினக்ஸ் நன்றாகவே ஓடியது. ஒருநாள் இசட்ஓஎஸ் (மெயின்ஃபிரேமின் சொந்த இயங்குதளம்) குழுவினர் தங்கள் இரவு பேக்அப்பில் அந்த டிஸ்க்குகளையும் சேர்க்கப் பார்த்தபோது ஜாப் நின்றுவிட்டது. எல்டிஎல்லில் இசட்ஓஎஸ் தேடும் விடாக், அதாவது டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல், இருக்காது. சிடிஎல் என்ற இன்னொரு வடிவில் வால்யூம் லேபிளும் (டிஸ்க்கின் பெயர்ச்சீட்டு) விடாக்கும் இருக்கும். பார்ட்டிஷன்கள் இசட்ஓஎஸ்ஸுக்கு டேட்டாசெட்டாக, அதாவது அதன் கோப்பாகத் தெரியும். பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் போட முடியாது, அவ்வளவுதான். கடைசியில் புது டிஸ்க்குகளை சிடிஎல்லாக ஃபார்மட் செய்து, எல்லாவற்றையும் நகலெடுத்தோம். ஆரம்பத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வேலையே வந்திருக்காது.

டாஸ்டியை ஃபார்மட் செய்யும்போது பிளாக் (ஒரே முறையில் எழுதும் துண்டு) அளவை 4096 பைட்டாகவே வையுங்கள். 3390 என்ற டாஸ்டி மாடலின் ஒரு டிராக்கில் (வட்டப் பாதையில்) 4096 பைட் பிளாக் 12 அடங்கும், அதாவது 48 கேபி. 512 பைட் பிளாக் என்றால் 49தான், 25 கேபிகூட வராது. பாதி டிஸ்க் வீணாகிறது.

எஃப்சிபி (ஃபைபர் இணைப்பு) வழியாக வரும் ஸ்கஸி டிஸ்க்குக்கு (மற்ற சர்வர்களிலும் உள்ள வகை) இந்த ஃபார்மட் வேலையே கிடையாது. நேராக பார்ட்டிஷன் போடலாம்.

சரி, ஃபைல் சிஸ்டம்? பெரிய டேட்டாபேஸ் வால்யூமுக்கு நான் எக்ஸ்எஃப்எஸ் போடுவேன். ஆனால் அதை வளர்க்கலாம், சுருக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அளவு உறுதியாகத் தெரியாத இடத்தில் ஈஎக்ஸ்டி4. அன்மவுண்ட் செய்துவிட்டுச் சுருக்கிக்கொள்ளலாம். இரண்டு இசட்விஎம் கெஸ்ட்கள் (இசட்விஎம்மில் ஓடும் மெய்நிகர் கணினிகள்) ஒரே டிஸ்க்கில் எழுத வேண்டுமென்றால் இந்த இரண்டு ஃபைல் சிஸ்டமுமே ஆகாது, டேட்டா கெட்டுவிடும். அதற்கு ஜிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் வேண்டும்.

ஃபார்மட் கட்டளை உங்களிடம் 'யெஸ்' கேட்டு நிற்கும்போது கையை எடுத்துவிட்டு, டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்டாஸ்டி (lsdasd) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். டாஸ்டிஏ, டாஸ்டிபி என்ற பெயர்கள் டிஸ்க் ஆன்லைன் வரும் வரிசையைப் பொறுத்து மாறும். 0.0.0201 போன்ற டிவைஸ் எண் மாறாது. கையில் உள்ள காகிதத்தில் எழுதிய எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் 'யெஸ்' அடியுங்கள்.