கொழுப்பு போன இடத்தில் தண்ணீர்

அமெரிக்கக் கடைகளில் 'மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு குறைவு' என்று விற்கும் கிரீம் சீஸை (ரொட்டியில் தடவும் மென்மையான சீஸ்) எடுத்துப் பார்த்தால், பல சமயம் 'நூஷாடெல்' என்ற பெயரும் அட்டையில் இருக்கும். அங்குள்ள விதிப்படி, கிரீம் சீஸ் என்றால் பால்கொழுப்பு குறைந்தது 33 சதவீதம் இருக்க வேண்டும். ஈரப்பதம் 55 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கொழுப்பு 20-க்கு மேல், 33-க்குக் கீழே என்றால் அது நூஷாடெல். அதில் ஈரம் 65 சதவீதம் வரை போகலாம். விஷயமே இந்த ஈரக் கணக்கில்தான் இருக்கிறது.

100 கிராம் சாதாரண கிரீம் சீஸில் சுமார் 350 கலோரி, 34 கிராம் கொழுப்பு, 6 கிராம் புரதம். நூஷாடெல்லில் சுமார் 250 கலோரி, 23 கிராம் கொழுப்பு, 9 கிராம் புரதம். புரதம் கொஞ்சம் கூடுகிறது, சரி. ஆனால் கொழுப்பு காலி செய்த இடத்தில் பெரும்பாலும் குடியேறுவது தண்ணீர்.

அந்தத் தண்ணீரைக் கட்டிவைப்பதுதான் பெரிய வேலை. பாலையும் க்ரீமையும் கலந்து, காய்ச்சி, கொழுப்பைப் பொடித்துளிகளாக உடைத்து, அப்புறம் உறை ஊற்றுகிறார்கள். தயிர் தோய்கிற அதே கதைதான்: நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்க, பி.எச். 4.6-ஐ நெருங்கும்போது கேசீன் என்ற பால்புரதம் ஒன்றோடொன்று ஒட்டி வலையாகிறது. கொழுப்புத் துளிகள் அந்த வலையின் இடையிடையே உட்கார்ந்து, புரதம் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. கத்தியில் வழுக்கிக்கொண்டு வருகிற அந்த மென்மை இதனால் வருவது. கொழுப்பைக் குறைத்தால் புரதம் நெருங்கிப் பிடித்துக்கொள்ளும், நாக்கில் நறநறக்கும், வெட்டிய தயிரில் ஊறுவது போலத் தண்ணீர் கசியும்.

இங்கேதான் பசைகள் வருகின்றன. குவார் பசை வேறெங்கிருந்தும் இல்லை, நம் கொத்தவரங்காயின் விதையிலிருந்து எடுப்பது. ராஜஸ்தானில் ஏராளமாக விளைகிறது. சாந்தன் பசையைத் தருவது, முட்டைக்கோஸில் கருப்பழுகல் நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா. (பயப்பட வேண்டாம், பசையைப் பிரித்துச் சுத்தம் செய்துதான் சேர்க்கிறார்கள்.) மூன்றாவது, மத்தியதரைக்கடல் பக்கத்துக் கரோப் மரத்தின் விதைப் பசை. கரோபும் சாந்தனும் தனித்தனியே நீரைக் குழகுழப்பாக்கும், அவ்வளவுதான். சேர்ந்தால் ஜெல்லியாக உறையும். தண்ணீருக்கு அதைவிட நல்ல பூட்டு கிடையாது.

அட்டையிலுள்ள சேர்பொருள் பட்டியலில் வைட்டமின் ஏ பால்மிட்டேட் இருந்தால், அது கொழுப்போடு சேர்ந்து வெளியேறிய வைட்டமினைத் திரும்ப வைப்பது. சார்பிக் அமிலமோ பொட்டாசியம் சார்பேட்டோ பூஞ்சை பிடிக்காமல் இருக்க.

இதில் கால்சியம் கிடைக்கும் என்று வாங்குவதுதான் எனக்குப் புரியாத கணக்கு. புளிக்கும்போது கேசீனோடு ஒட்டியிருக்கும் கால்சியம் அமிலத்தில் கரைந்து, வடிகிற தண்ணீரோடு போய்விடுகிறது. 100 கிராம் செடார் சீஸில் 700 மில்லிகிராம் கால்சியம் இருக்கும். கிரீம் சீஸில், கொழுப்பு குறைத்தாலும் குறைக்காவிட்டாலும், 100 சொச்சம்தான். ஏறக்குறைய வெறும் பாலில் இருக்கும் அளவு.