முள்ளம்பன்றி முள் எறியுமா?

மட்டக்களப்புப் படுவான்கரையில் மாமாவின் மரவள்ளித் தோட்டத்தில் காவலுக்குப் படுத்திருந்த நாய், விடியற்காலையில் தோளில் இரண்டு முள்ளோடு வந்து நின்றது. "அது தூரத்துல நிண்டே முள்ள எறிஞ்சிரும் மனே" என்றார் மாமா. ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பழந்தமிழில் முள்ளம்பன்றிக்கு எய், எய்ப்பன்றி என்றெல்லாம் பேர் இருப்பதால் அம்பு நினைவு வருவது நியாயந்தான். ஆனால் அது எறிவதில்லை, எறிய முடியவும் முடியாது.

பிடுங்கிய முள்ளைக் கழுவிப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள், ஒரு சாண் நீளம், பாரமே இல்லை. குறுக்கே வெட்டினால் வெளியே நகம்போலக் கடினம், உள்ளே நெட்டிபோல வெள்ளைச் சோறு. முள் என்பது தடித்துப்போன மயிர்தான், நம் நகத்திலும் தலைமயிரிலும் உள்ள அதே கெரட்டின் என்ற புரதம். உள்ளே இருக்கும் அந்தச் சோறுதான் குத்தும்போது முள் மடங்காமல் தாங்குகிறது.

பன்றி என்பது பேருக்குத்தான், இது எலி, அணில் வகையறா. வளர்ந்தது 11 முதல் 18 கிலோ வரை இருக்கும். எதிரியைக் கண்டால் முதலில் தோலடித் தசைகள் இறுகி முள்ளெல்லாம் நிமிரும், ஆளே இரண்டு மடங்காகத் தெரியும். அப்புறம் வால். வால் நுனி முட்கள் கூரில்லாத வெறுங்குழாய்கள், மெல்லிய காம்பில் நிற்பவை. ஆட்டினால் ஒன்றோடொன்று மோதிக் கிலுகிலுப்பைபோலச் சத்தம் போடும். காலையும் தரையில் உதைத்து மிரட்டும். இதற்கும் அடங்காமல் நாய் கிட்டப் போனால், சட்டென்று திரும்பிப் பின்பக்கமாகவே பாய்ந்து மோதும். இடுப்புப் பக்கத்து முட்கள் குட்டை, ஆனால் உறுதியானவை. தோலில் இலேசாகத்தான் பிடித்திருக்கும் என்பதால் குத்திய இடத்திலேயே கழன்று நின்றுவிடும், பிறகு புதிதாக முளைக்கும். இருட்டில், கண்மூடித் திறப்பதற்குள் நடப்பதைப் பார்த்தவருக்கு எறிந்த மாதிரித்தானே தோன்றும்? உடம்பை உலுக்கும்போது தளர்ந்த முள் ஒன்றிரண்டு தானாக விழுவதும் உண்டு.

வட அமெரிக்க முள்ளம்பன்றியின் முள் நுனியில் கண்ணுக்குத் தெரியாத கொக்கிகள் உண்டு, இழுக்க இழுக்கச் சதையைப் பிடிக்கும். நம்முடையதில் அது கிடையாது. நேராக இழுத்ததும் வந்துவிட்டது, ஆனாலும் காயம் சீழ் பிடிக்கக்கூடும் என்று மிருக வைத்தியரிடம் காட்டினோம்.

மாமாவுக்கு முள்ளைவிடப் பல்மேல்தான் கோபம். வெட்டுப்பல் ஆயுள் முழுக்க வளரும், தேய்க்காவிட்டால் வாய்க்கே வினை. காட்டில் என்றால் எலும்பையும் மான் உதிர்த்த கொம்பையும் கொறிக்கும், சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். இங்கே மரவள்ளிக் கிழங்கு. சுற்றிவரக் கம்பிவலை அடித்தார், மூன்றாம் நாள் அது வலைக்கு அடியால் தோண்டிக்கொண்டு உள்ளே வந்திருந்தது.