50 ரிங்கிட் பில்லுக்கு 20,000 ரிங்கிட் கடனா?

பினாங்கில் பிறையிலிருந்து நிபோங் திபால் வரை தாமான் தாமானாக (குடியிருப்புப் பகுதிகளில்) சோலார் ஏஜென்ட்களின் ஒரே வசனம் சுற்றிக்கொண்டிருக்கிறது: “இது அரசாங்கத் திட்டம் ஆண்ட்டி, நீங்க ஒரு காசு கட்ட வேண்டாம்.” சோலார் வயரிங்தான் என் தொழில். இப்போதெல்லாம் கல்யாண வீட்டுக்குச் சாப்பிடப் போனால்கூட யாராவது பையிலிருந்து ஓர் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். எல்லாம் கையெழுத்துப் போட்ட பிறகு. போடுவதற்கு முன்னால் காட்டுகிறவர் அபூர்வம்.

கடைசியாக வந்தது தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவுடையது. வீட்டில் இரண்டே பேர். மாதம் 250 யூனிட் தாண்டுவதில்லை, பில் 50 ரிங்கிட்டைச் சுற்றித்தான் வருகிறது. அவர் தலையில் கட்டப்பட்டது 20,000 ரிங்கிட் சோலார், மகனுடைய கிரெடிட் கார்டில் மாதத் தவணை. “இலவசம்னு சொன்னாங்களே தம்பி” என்றார். ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் அந்தச் சொல் இல்லை.

கணக்கைப் பாருங்கள். பில் முழுவதும் பூஜ்யமாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம் (ஆகாது). 20,000-ஐ 50-ஆல் வகுத்தால் 400 மாதம், அதாவது 33 வருடம். இன்வெர்ட்டர் அதற்குள் இரண்டு முறையாவது மாற்ற வேண்டிவரும்.

தயவுசெய்து இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் எல்லா வீட்டுக் கூரைக்கும் இலவசமாக சோலார் போட்டுக்கொடுக்கும் அரசாங்கத் திட்டம் எதுவும் இல்லை. 2024-இல் வந்த ‘சோலாரிஸ்’ ஊக்கத்தொகையில்கூட, ஒரு கிலோவாட்டுக்கு 1,000 ரிங்கிட் என்று அதிகபட்சம் 4,000 ரிங்கிட்தான் திரும்பக் கிடைத்தது. மீதி முழுவதும் வீட்டுக்காரர் பணம். அதற்கு முன்பிருந்த ‘நெம்’ திட்டமும் இலவசத் தகடு கொடுக்கவில்லை. நீங்கள் காசு போட்டு மாட்டிய தகடு லைனுக்கு அனுப்பும் மின்சாரத்தை உங்கள் பில்லில் யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொண்டது, அவ்வளவுதான். அதுவும் 2025 ஜூன் 30-உடன் முடிந்தது. 2026 ஜனவரி முதல் இருப்பது ‘சோலார் அதாப்’ திட்டம். அதில் நீங்கள் அனுப்புகிற மிச்ச மின்சாரத்துக்கு முழு விலை கழியாது, எரிசக்திக் கட்டணப் பகுதி மட்டும்தான் கழியும். அந்த மாதம் மிஞ்சிய வரவு அடுத்த மாதத்துக்கு வராது. ஏஜென்ட் இன்னும் பழைய நெம் கணக்கையே காட்டுகிறார் என்றால், ஒன்று அவருக்குத் தெரியவில்லை, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். (கரண்ட் போனால் சோலார் ஓடும் என்று சொல்பவரையும் அப்படியே வாசலோடு அனுப்பிவிடுங்கள். பேட்டரி இல்லாத சாதாரண சோலார், லைனில் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர்மேல் உங்கள் சோலார் கரண்ட் பாயக் கூடாதே.)

பகல் முழுக்க ஆள் இருந்து, ஏர்கான் ஓடி, மாதம் 400, 500 ரிங்கிட் கட்டுகிற வீட்டுக்கு சோலார் நல்ல முதலீடு. தாராளமாகப் போடுங்கள், நானே வந்து மாட்டித் தருகிறேன். 50 ரிங்கிட் வீட்டுக்குத்தான் வேண்டாம் என்கிறேன்.

அப்படியானால் தூய எரிசக்திக்கென்று அரசு ஒதுக்குகிற பணம் ஏழைக்கு வரவே வராதா என்று கேட்டால், எனக்கும் அதே எரிச்சல்தான். உங்கள் பில்லில் கீழே ‘கே.டபிள்யூ.டி.பி.பி. 1.6%’ என்று ஒரு வரி இருக்கும். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி அது. 2011-இல் 1 விழுக்காட்டில் தொடங்கி 2014-இல் 1.6 ஆனது. 300 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு விலக்கு உண்டு, அது நியாயம். ஆனால் அந்த நிதி ஆரம்பத்தில் எங்கே போனது? கூரையும் கையில் பெரும் பணமும் இருந்தவர்கள் முதலில் சோலார் மாட்டினார்கள். அவர்கள் விற்ற ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு ரிங்கிட் 20 சென்னுக்கு மேல், 21 வருட ஒப்பந்தம். அந்தத் தொழில் இங்கே வேர்விட அது தேவைப்பட்டது, மறுக்கவில்லை. நானும் அதில் பிழைத்தவன்தான். ஆனால் ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் ஏழு பேர் குடியிருக்கும் வீடு 300 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது, அந்த 1.6 விழுக்காட்டைக் கட்டுகிறது. கொண்டோவில் தனியாக இருப்பவர் தாண்டுவதில்லை, கட்டுவதில்லை. மீட்டருக்கு யூனிட்தான் தெரியும், தலை எண்ணத் தெரியாது. 2025 ஜூலையில் வந்த புதிய கட்டணத்திலும் இதே கதை. 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு, பயன்பாடு ஏற ஏற அது தேய்ந்து 1,000 யூனிட்டோடு நின்றுவிடும். கூட்டுக் குடும்பம் இங்கேயும் தோற்கிறது.

மின்கார் விஷயம் இன்னும் அழகு. வரிவிலக்கோடு இறக்குமதியான மின்கார்களை 2025 முடியும்வரை 100,000 ரிங்கிட்டுக்குக் கீழே விற்கவே முடியாது என்று விதி இருந்தது. மின் மோட்டார்சைக்கிளுக்குக் கொடுத்தது 2,400 ரிங்கிட் தள்ளுபடி. பிறை தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகிறவர் எதில் போகிறார் என்று வாசலில் நின்று பார்த்தாலே தெரியும்.

2023-இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்டம், 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு 1.2 டிரில்லியன் ரிங்கிட்டுக்குக் குறையாத முதலீடு வேண்டுமாம். அரசு தொடக்கமாக வைத்தது 2 பில்லியன். இந்தப் பணம் எந்த வாசல் வழியாக உள்ளே வரும் என்பதுதான் கேள்வி. வரிச்சலுகையாக வந்தால் வரி கட்டும் கம்பெனிக்குப் போகும், கடன் உத்தரவாதமாக வந்தால் வங்கிக்குப் பிடித்த ஆளுக்குப் போகும். வாடகை வீட்டுக்காரருக்கும் பிளாட்காரருக்கும் தனி வாசல் வைத்தால்தான் வரும்.

அதுவரை இருப்பதையாவது விடாதீர்கள். இ-காசேயில் (அரசின் ஏழைக் குடும்பப் பதிவேடு) பதிந்த மிகவும் ஏழைக் குடும்பங்களுக்கு மாதம் 40 ரிங்கிட் வரை மின் பில் உதவி உண்டு. தகுதி இருந்தும் பல வீடுகளில் அது கிடைக்காததற்குக் காரணம் என்ன தெரியுமா? மீட்டர் இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கிறது! முதலில் பெயரை மாற்றுங்கள். எத்தனை தடவை சொல்வது? பழைய ஃபிரிட்ஜின் ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். புதிதாக வாங்கினால் ஐந்து நட்சத்திர முத்திரை பார்த்து வாங்குங்கள். குறைந்த பயன்பாட்டு வீட்டுக்கு இதில் வரும் மிச்சம் சோலாரைவிட நிச்சயம்.

ஏஜென்ட் வந்தால் கம்பெனி பெயரை சேடா (அரசின் நிலைத்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம்) வெளியிடும் பட்டியலில் பாருங்கள். இல்லையென்றால் பேச்சே வேண்டாம். ஐ.சி. (அடையாள அட்டை) நகலோ கார்டு எண்ணோ கொடுக்காதீர்கள், “தகுதி பார்க்கத்தான்” என்று கேட்டாலும். பன்னிரண்டு மாத பில்லை எதிரில் வைத்து, மாதம் எவ்வளவு மிச்சம் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். பிள்ளைகளே, அம்மா அப்பா தனியாக இருக்கும் வீட்டுக்கு வாரம் ஒரு போன் போட்டு, யாராவது வந்தார்களா என்று கேளுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? வீடு தேடி வந்து விற்றதென்றால் நேரடி விற்பனைச் சட்டப்படி ‘தெம்போ பெர்தெனாங்’, அதாவது மனம் மாறினால் ரத்து செய்துகொள்ளும் அவகாசம் உண்டு. 10 வேலை நாட்களுக்குள் எழுத்துமூலம் ரத்து செய்யுங்கள், வாட்ஸ்அப் குரல் பதிவு போதாது. அது கடந்துவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயம்: 50,000 ரிங்கிட் வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட், வக்கீல் தேவையில்லை. படிவம் குழப்பினால் ஜார்ஜ்டவுனில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, தமிழிலேயே கேட்கலாம்.

பிளாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் கடைசியாக ஒன்று. உங்கள் கூரை பொதுச் சொத்து, தனியாகத் தகடு மாட்ட முடியாது. ஆனால் லிஃப்ட், தண்ணீர் பம்ப், நடைபாதை விளக்கு எல்லாம் பொது மீட்டரில் ஓடுகின்றன, அந்த பில் உங்கள் பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் போகிறது. அந்த பில்லைக் குறைக்கப் பொதுக் கூரையில் சோலார் போடப் பொதுப் பணம் வேண்டும் என்று தொகுதிப் பிரதிநிதியிடம் கேட்பதற்கு முன்னால், உங்கள் நிர்வாகக் குழுவிடம் பொது மீட்டரின் ஒரு வருட பில்லைக் கேளுங்கள். ஆண்டுக் கூட்டத்துக்குப் போய் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் தீவில் இருப்பவர்கள் பினாங்கு தீவு மாநகர மன்றத்திலும், பெருநிலப் பக்கம் இருப்பவர்கள் செபராங் பிறை மாநகர மன்றத்திலும் உள்ள கட்டட ஆணையர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பில் கிடைத்ததும் எனக்கோ, தெரிந்த எந்த லைசென்ஸ் உள்ள வயர்மேனுக்கோ காட்டுங்கள். எத்தனை கிலோவாட் போடலாம் என்று கணக்குப் போட அரை மணி நேரம் போதும்.